நூற்றிப்பத்துக் கவடு

சேசு மரி சூசை

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
6 ஒக்ரோபர் 1996

அன்புள்ள யூட்சன் அண்ணாவுக்கு,

தங்கச்சி கிறிஸ்ரினா எழுதுவது. அப்பாவும் அம்மாவும் நானும் மாதாவின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் மாறிவிட்டதா என்று முதலில் கேட்கச் சொல்லி அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறா.

எனக்கு உங்களிடம் ஒரு உதவி வேண்டும். எட்டாம் வகுப்பில் எல்லோரும் ஒரு பழைய கட்டடத்தை எடுத்து, அதை யார், எப்போது, எப்படிக் கட்டினார்கள் என்று எழுத வேண்டும். முடிக்க மே மாதம் வரை நேரம் இருக்கிறது. நான் உங்கள் பொவே ஊர்ப் பெரிய கோயிலை எடுத்திருக்கிறேன். ஏன் பொவே என்று ரீச்சர் கேட்டா. என் அண்ணா அங்கேதான் இருக்கிறார், ஏஜென்சிக்காரன் எங்களைக் கனடாவுக்கும் அவரைப் பிரான்சுக்கும் அனுப்பி நாலு வருஷம், இப்போது அவருக்கு வதிவிடக் காட் கிடைத்துவிட்டது, மே மாதம் என் உறுதிபூசுதல் சடங்குக்கு வருவார் என்று சொன்னேன். அவ கேட்டது கோயிலைப் பற்றி. நான் சொன்னது முழுக்க உங்களைப் பற்றி. வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பள்ளிக்கூட நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் அந்தக் கோயிலுக்கு ஒரு சின்னப் பந்திதான். உள்ளே கல் வளைவுக் கூரை நாற்பத்தெட்டு மீற்றர் உயரமாம். நாங்கள் இருப்பது பதினாலாம் மாடி. கணக்குப் பார்த்தேன். உங்கள் கோயில் கூரை எங்கள் யன்னலுக்கும் மேலே இன்னும் மூன்று மாடி போகும்.

நீங்கள் உள்ளே போய் எட்டி நடந்து, கவடு வைத்து அளந்து எழுதுவீர்களா? ஊரில் கால்பந்து மைதானத்தை நீங்கள்தானே அப்படி அளப்பீர்கள். தூண்களையும் எண்ணுங்கள். புத்தகத்தில் இல்லாத எதையும் எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு முடியும். அப்பா பிறம்ரன் வெயார்ஹவுசிலிருந்தும் அம்மா ஒபிஸ் துப்பரவு வேலையிலிருந்தும் வர எட்டு மணியாகும். அதுவரை எனக்கு எழுத நிறைய நேரம் இருக்கிறது.

அன்புடன்,
கிறிஸ்ரினா

தம்பி, சுகமாய் இருக்கிறியோ? சீமோன் வீட்டுச் சாப்பாடு உனக்குப் பிடிக்குதோ? அவன்ரை மனிசி பேர்ணடெற்றுக்குப் பாரமாய் இராதை. கோப்பையளைக் கழுவிக் குடு. — அம்மா


பொவே
27.10.96

அன்பான ரீச்சரம்மாவுக்கு,

அண்ணா எழுதுறது. நான் நல்ல சுகம். இருமல் போட்டுது எண்டு அம்மாவிட்டைச் சொல்லு. அப்பாவின்ரை முதுகு நோ எப்பிடி?

உன்ரை கடிதத்தைப் பாத்துச் சிரிச்சன். உலகத்திலை எத்தினையோ கட்டடம் இருக்க, அண்ணன்ரை வீட்டுக்குப் பக்கத்துக் கோயில்தான் உனக்குக் கிடைச்சுதோ? கவடு வைச்சு அளக்கிறன். உன்ரை காலாலை அளந்தால் ஐநூறு வரும், என்ரை காலாலை கொஞ்சம்தான் வரும், பிறகு கோயில் சின்னன் எண்டு அழக்கூடாது.

சீமோன் அண்ணை வீட்டு மேல்மாடி அறையிலைதான் இருக்கிறன். யன்னலைத் திறந்தால் கோயில் தெரியும். காலமை மணி அடிச்சு எழுப்பிவிடும். குறை ஒண்டும் இல்லை. வேலையும் நல்லாய்ப் போகுது. மேயிலை லீவு கேட்டிருக்கிறன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. புத்தகத்தை வாசிச்சுக்கொண்டு ரோட்டுக் கடவாதை.

அண்ணா
யூட்சன்


சேசு மரி சூசை

17 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அப்பாவின் முதுகுக்கு ஒரு பெல்ற் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டினால் பொலிஸ்காரன் போல இருக்கிறார். நீங்கள் சுகமென்று எழுதியது எல்லோருக்கும் ஆறுதல்.

ஒரு செய்தி. அப்பா உங்களுக்குக் கட்டில் வாங்கிவிட்டார்! மடிக்கிற கட்டில், மெத்தையோடு. எலிவேற்றருக்குள் அது நிற்காமல், அப்பாவும் எதிர்வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா அங்கிளும் படிக்கட்டால் பதினாலு மாடியும் தூக்கினார்கள். மே வர ஆறு மாதம் இருக்கிறது என்று அங்கிள் ஒவ்வொரு மாடியிலும் நின்று சொன்னாராம். இப்போது அது ஹோலில் விரித்தபடி இருக்கிறது. மெத்தையின் பிளாஸ்ரிக்கைக் கழற்ற அம்மா விடவில்லை. நீங்கள் வந்துதான் கழற்ற வேண்டுமாம். நான் மெல்ல இருந்து பார்த்தேன். சத்தம் போடுகிறது.

கோயிலைப் பற்றி நான் அறிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். 1225 இல் பழைய கோயில் எரிந்த பிறகு, உலகத்திலேயே உயரமான கோயிலைக் கட்ட ஆயர் ஆசைப்பட்டார். முதலில் பீடம் இருக்கும் பகுதியைத் தொடங்கினார்கள். அது முடிய நாற்பத்தேழு வருஷம். தொடங்கிய ஆயர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். முடிந்து பன்னிரண்டு வருஷத்தில், 1284 இல், கூரை இடிந்து விழுந்தது. அவர்கள் அதே உயரத்தில் திரும்பவும் கட்டினார்கள். ஆனால் இரண்டு தூண்களுக்கு நடுவே புதிதாக ஒவ்வொரு தூண் வைத்தார்கள். உயரத்தைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்றுக் காற்று அடித்தது. எங்கள் கட்டடமும் ஆடும் என்று உங்களுக்குத் தெரியுமா? கொமேட்டுக்குள் தண்ணீர் மெல்ல அசையும். வீட்டில் தனியே இருந்தபடியால் அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

நீங்கள் அளந்துவிட்டீர்களா?

அன்புடன்,
கிறிஸ்ரினா

தம்பி, கட்டில் நல்ல பலம். உன்ரை காலும் அடங்கும். குளிருக்குப் போடுற கோட்டின்ரை அளவை எழுது, இஞ்சை மலிவாய்ப் போட்டிருக்கிறாங்கள். — அம்மா


பொவே
15.12.96

அன்பான தங்கச்சிக்கு,

நத்தார் வாழ்த்து எல்லாருக்கும். நான் சுகம். நீங்களும் சுகமாய் இருக்க வேணும்.

இந்தா உன்ரை கணக்கு. போன ஞாயிறு பூசை முடியப் போய் அளந்தன். பெரிய வாசலாலை உள்ளிட்டு, சனம் இருக்கிற நீளமான நடு மண்டபத்தாலை நேரே நடந்தால், பீடப்படி மட்டும் நூற்றிப்பத்துக் கவடு. இரண்டு தரம் எண்ணினன். மண்டபத்துக்கு ஒவ்வொரு பக்கமும் பத்துத் தூண். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க உன்னைப் போலை நாலு பேர் வேணும். வாசலுக்கு மேலை ஓர்கன் இருக்கு. கடைசி வாங்கிலை ஒரு மனிசன் நித்திரை. நான் எண்ணிக்கொண்டு போக, கண்ணைத் திறந்து பாத்திட்டு, திரும்பவும் மூடிட்டுது.

புத்தகத்திலை இல்லாததும் கேட்டனியெல்லோ. மண்டபத்திலை நடுவிலை நிண்டால் ஆருக்கும் ஆரையும் தெரியாது. நல்ல அமைதி.

கட்டில் எல்லாம் என்னத்துக்கு? நான் நிலத்திலை படுப்பன் எண்டு அப்பாவிட்டைச் சொல்லு.

அண்ணா
யூட்சன்


சேசு மரி சூசை

12 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளில் அதை மறந்துவிட்டேன்.

நூற்றிப்பத்துக் கவடையும் இருபது தூண்களையும் வைத்து ஒரு பெரிய தாளில் கோயிலின் படத்தைக் கீறியிருக்கிறேன். சிலுவை வடிவம். தலையில் பீடம், இரண்டு பக்கமும் கைகள், கீழே நீண்ட காலாக நீங்கள் நடந்த நடு மண்டபம். கடைசி வாங்கில் நித்திரை கொள்கிற மனிதரையும் ஒரு புள்ளியாக வைத்தேன். அம்மா அவரைத்தான் நீங்கள் என்று நினைத்து, தம்பி ஏன் இவ்வளவு பின்னுக்கு இருக்கிறான் என்று கேட்டா. வகுப்பில் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த அளவுகள் எந்தப் புத்தகத்தில் என்று ரீச்சர் கேட்டா. புத்தகம் இல்லை, என் அண்ணாவின் கால் என்றேன்.

தலைமை நூலகத்தில் கோயிலைப் பற்றி முழுப் புத்தகம் ஒன்று இருக்கிறதாம். அப்பா ஒரு சனிக்கிழமை கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கிறிஸ்ரினா

தம்பி, நிலத்திலை படுக்கிற கதை கதையாதை. கோட்டின்ரை அளவு இன்னும் எழுதேல்லை. — அம்மா


9 பெப்ரவரி 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா?

நேற்று நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பா பக்கத்துக் கதிரையில் பெல்ற்றோடு நித்திரையாகிவிட்டார். நான் மூன்று மணி நேரம் வாசித்தேன்.

இடிந்த பகுதியைத் திருத்தி முடித்ததும் போர் வந்தது. நூற்றைம்பது வருஷம் ஒன்றும் கட்டவில்லை. 1500 இல் சிலுவையின் கைகளைத் தொடங்கி அரை நூற்றாண்டில் முடித்தார்கள். அதன்பின் நடு மண்டபத்தைக் கட்ட வேண்டும். அவர்கள் அதை விட்டுவிட்டு, நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பினார்கள். நூற்றைம்பது மீற்றருக்கு மேலே. சென் ஜேம்ஸ் ரவுணில் எந்தக் கட்டடமும் அவ்வளவு உயரமில்லை. நாலு வருஷம்தான் நின்றது. 1573 இல், ஆண்டவர் விண்ணகம் சென்ற திருநாளன்று, சனம் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்காக வெளியே போன சற்று நேரத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு உடைந்ததைத் திருத்தினார்கள். மண்டபத்துக்குக் கொஞ்சம் தொடங்கிப் பார்த்துக் கைவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு சுவரை எழுப்பி மூடிவிட்டார்கள். நடு மண்டபத்தை அவர்கள் கட்டவே இல்லை, அண்ணா. இன்றைக்கும் இல்லை. புத்தகத்தில் மேலேயிருந்து எடுத்த படம் இருக்கிறது. தலையும் கைகளும் மட்டும்தான். மண்டபம் வர இருந்த இடத்தில், இடிக்காமல் விட்ட ஆயிரம் வருஷத்துச் சின்னக் கோயில் ஒன்று நிற்கிறது.

நான் கீறிய படத்தில் அந்தப் பகுதியை அழித்துவிட்டேன். பென்சிலால் கீறியது நல்லதாகப் போயிற்று. அம்மாவுக்குக் காட்டவில்லை.

உங்கள் அறை யன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது?

இந்தக் கடிதத்தை நானே ஒட்டினேன். அம்மாவுக்கு இடம் விடவில்லை.

கிறிஸ்ரினா


16 மார்ச் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் எழுதி ஐந்து கிழமையாகப் பதில் இல்லை. தபால் பிந்துகிறது என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சுகமாக இருந்தால் போதும். அளவுகள் தேவையில்லை.

மாசிக் கடைசியில் பேர்ணடெற் அக்கா போன் எடுத்தா. அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தா. வைத்த பிறகு, எல்லோரும் சுகமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினா. சீமோன் அண்ணைக்கு ஏதும் வருத்தமோ தெரியவில்லை.

பின்னேரங்களில் கட்டிலில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்கிறேன். பிளாஸ்ரிக்கின் மேல் புத்தகம் வழுக்கும். நான் உங்களிடம் அந்த யன்னலைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது.

கிறிஸ்ரினா


பாரிஸ்
6.4.97

அன்பான தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனிய இருந்து வாசி. நான் உயிரோடை சுகமாய் இருக்கிறன். முதல் அதைச் சொல்ல வேணும்.

நான் இருக்கிறது பாரிசிலை. பொவே சீமோன் அண்ணையின்ரை விலாசம். அங்கை வாற கடிதங்களை அவர் எனக்கு அனுப்புவார், என்ரையை அங்கையிருந்து போடுவார். ஒரு ரெஸ்ரோரன்ற் நிலக்கீழ் அறையிலை கோப்பை கழுவுறன். அறையிலை ஆறு பேர். யன்னல் இருக்கு. திறந்தால் முன் வீட்டுச் சுவர்.

காட் கிடைக்கேல்லை. அகதிக் கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். அப்பீலும் சரிவரேல்லை. போன ஆவணியிலை போன் எடுத்தது அதைச் சொல்லத்தான். அம்மா எடுத்த உடனை, காட் வந்திட்டுதோ தம்பி எண்டு கேட்டா. ஓம் எண்டு வாயிலை வந்திட்டுது. அவ அழுதா. சந்தோசத்திலை அழுத மனிசியிட்டை அடுத்த கிழமை என்னெண்டு மாத்திச் சொல்லுறது?

நூற்றிப்பத்துக் கவடு பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை நான் போற பாரிஸ் கோயிலிலை எண்ணினது. எண்ணினது சரி, கோயில்தான் பிழை. எல்லாக் கோயிலுக்கும் நடு மண்டபம் இருக்கும் எண்டு நினைச்சன். ஆர் கண்டது, உப்பிடி ஒண்டை அரைகுறையாய் விட்டிருப்பாங்கள் எண்டு?

ரெயினிலை பேப்பர் செக் பண்ணுவாங்கள் எண்ட பயத்திலை, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடின தூரத்திலை இருக்கிற பொவேக்கு நான் ஒருநாளும் போனதில்லை. உயிர்த்த ஞாயிறு போனன். செக்கர் வந்தான். டிக்கெற்றை மட்டும் பாத்திட்டுப் போட்டான். டிக்கெற்றை உள்ளுக்கை வைச்சிருக்கிறன்.

எழுதிக்கொள். பக்க வாசலாலைதான் உள்ளிட வேணும். ஒரு கையிலையிருந்து மற்றக் கை மட்டும் எழுபத்தெட்டுக் கவடு. மூடின சுவரிலையிருந்து பீடத்துக்குப் பின்னாலை கடைசி மட்டும் தொண்ணூற்றாறு. மேலை பாத்தால் தலை சுத்தும். உன்ரை புத்தகத்திலை இருக்கோ தெரியாது, உள்ளுக்கை ஒரு பக்கத்திலை பெரிய மரத் தீராந்தியளாலை முட்டுக் குடுத்து வைச்சிருக்கிறாங்கள், சாயாமல். அதுக்குக் கீழைதான் சனம் மெழுகுதிரி கொளுத்துது. ஒருத்தரும் பயந்ததாய்த் தெரியேல்லை. அந்தச் சுவரிலை கையை வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டன்.

மேக்கு வரமாட்டன். லீவு கிடைக்கேல்லை எண்டு அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுறன். நீ ஒண்டும் சொல்லாதை, அம்மா தாங்கமாட்டா. நல்ல பிள்ளை.

அண்ணா


சேசு மரி சூசை

ரொறன்ரோ.
25 மே 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கடிதத்தைத் தனியே இருந்துதான் வாசித்தேன். டிக்கெற் என் செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது. பதில் எழுத ஆறு கிழமை எடுத்ததற்கு மன்னியுங்கள். நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

உறுதிபூசுதல் முடிந்தது. ஆயர் நெற்றியில் பூசிய தைலம் வீட்டுக்கு வரும்வரை மணத்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற றஜிதாவின் வீட்டார் பதினோரு பேர் வந்தார்கள். எங்களில் இரண்டு பேர். மகன் வரேல்லையோ என்று கோயில் வாசலில் எல்லோரும் கேட்டார்கள். லீவு குடுக்கிறாங்கள் இல்லை என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். கடைசியில் உங்கள் முதலாளியை ஏசவும் தொடங்கிவிட்டார். அம்மா என் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தா.

புரொஜெக்ற்றுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. உங்கள் எழுபத்தெட்டும் தொண்ணூற்றாறும் அதில் இருக்கின்றன. மரமுட்டுகளையும் கீறினேன். தாளின் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கிறதே, படம் முடியவில்லையா என்று ரீச்சர் கேட்டா. படம் முடிந்துவிட்டது, கோயில்தான் முடியவில்லை என்றேன்.

முன்பு உங்களுக்கு ஒன்றை எழுதவில்லை. கோபுரம் சட்டென்று விழவில்லையாம். தூண்கள் சாய்வதை இரண்டு வருஷத்துக்கு முன்பே மேசன்மார் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். முட்டுக் கொடுக்கப் பிந்திவிட்டது. நூலகத்தில் இதைக் குறித்து வந்த பக்கத்தைத்தான் நான் அதிக நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். சொல்லாதே என்றீர்கள். நான் வாய் திறக்க மாட்டேன், அவ வாசிக்கட்டும். கோபம் என்றால் என்னைத்தான் ஏச வேண்டும். கீழே அவவுக்கு இடம் விட்டிருக்கிறேன், வழமையை விடக் கூட.

இதையும் சீமோன் அண்ணை விலாசத்துக்கே போடுகிறேன். அடுத்ததற்கு நீங்கள் இருக்கிற இடத்தின் விலாசத்தை அனுப்புங்கள்.

அன்புடன்,
கிறிஸ்ரினா

தம்பி, பிள்ளை எழுதினதை வாசிச்சன். மாசியிலேயே பேர்ணடெற் எனக்குச் சொல்லிப்போட்டா. நீயாய்ச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். சின்னவளுக்குத் தெரியக்கூடாது எண்டு நான் மறைக்க, அவள் எனக்கு மறைச்சிருக்கிறாள். அப்பாவுக்கு இண்டைக்குச் சாப்பிட்ட பிறகு சொல்லுறன்.

அறையிலை ஆறு பேராம் எண்டு பேர்ணடெற் சொன்னா, உனக்குக் கட்டில் இருக்கோ, நிலமோ? நிலமெண்டால் கீழை விரிக்கத் தடிப்பாய் ஏதும் இருக்கோ? கோட்டின்ரை அளவு எழுதாமல் விட்டது ஏனெண்டு இப்ப விளங்குது. கோட்டு வாங்கி வைச்சிருக்கிறன், அளவு குத்துமதிப்புத்தான். பிளாஸ்ரிக்கை நான் கழற்றிப்போட்டன். நீ வருமட்டும் இவள் அதிலை படுக்கட்டும், ஒவ்வொரு நாளும் அதிலை இருந்துதானே படிக்கிறாள்.

விலாசத்தை வடிவாய், விளங்கிற எழுத்திலை எழுது. — அம்மா